மழைக்கு முன் ஓடுபாதை உராய்வுச் சோதனை: பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விமான நிலையத்தின் ஓடுபாதைப் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேரும் சிவில் பொறியாளரிடம் முதல் ஆண்டிலேயே வந்து சேரும் வேலைகளில் ஒன்று உராய்வுச் சோதனை. நனைந்த தளத்தில் டயருக்கு எவ்வளவு பிடிப்பு கிடைக்கிறது என்பதை அளந்து, குறைந்திருந்தால் மழைக்காலம் தொடங்குமுன் அதைச் சரிசெய்ய வேண்டும். கருவியை ஓட்டும் வேலை ஓர் இரவில் முடிந்துவிடும். அதற்கு முன் அனுமதிச் சீட்டு, நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு), சான்றிதழ், தண்ணீர் என்று அலைவதும், அதற்குப் பின் வரைபடத்தைப் படித்து முடிவெடுப்பதும்தான் ஆளைச் சோர வைக்கும். நான் இந்த வேலையைக் கேட்டுக் கேட்டும் தட்டுத் தடுமாறியும் கற்றுக்கொண்டேன். அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்திய நிலையங்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், அளவுகள் பெரும்பாலும் ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டுதல்களில் உள்ளவை. நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வகுத்துள்ள விமான நிலைய விதிகளும் அவற்றையே அடியொற்றிச் செல்கின்றன.

வேலையில் இறங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. வேகமாக உருளும் டயர், தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை வெளியேற்ற முடியாதபோது தளத்தை விட்டு எழும்பித் தண்ணீரின் மேலேயே சறுக்கத் தொடங்குகிறது. அந்த வேகத்தைக் கணிக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு: டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் வேகம் கிடைக்கும். 200 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயருக்கு இது ஏறத்தாழ 127 நாட். நடுத்தர ஜெட் விமானங்கள் தரையைத் தொடும் வேகம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல். இது தண்ணீர் ஆழமாகத் தேங்கியிருக்கும்போது நடப்பது. இறங்கும் விமானங்களின் டயர் ரப்பர் படிந்து மழமழப்பான தளத்தில் ஆழம் தேவையே இல்லை; மெல்லிய நீர்ப்படலமே போதும், இதைவிடக் குறைந்த வேகத்திலும் டயர் வழுக்கும். நாம் அளந்து கண்டுபிடிக்க முயல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆபத்தைத்தான்.

1. தேதியை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1 ஐ ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரின் பிற்பாதியில் வருகிறது. ஆகவே கோழிக்கோட்டிலோ மங்களூரிலோ இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் நாட்காட்டி ஒன்றல்ல. சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் மாலை நேர இடிமழை அடிக்கடி பெய்யும் என்பதால், ஒதுக்கப்பட்ட இரவு வீணாகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சோதனைக்கும் மழைக்கும் இடையில் குறைந்தது பத்து வாரம் விடுங்கள் என்பது என் கருத்து. உராய்வு எண்கள் தாழ்ந்து, அதாவது பிடிப்பு குறைந்து வந்தால் ரப்பர் அகற்றும் பணிக்கு ஆள் பிடிக்க வேண்டும், அதற்குத் தனியாக ஓடுபாதையை மூட வேண்டும், அழிந்துபோகும் வண்ணக் குறியீடுகளை மீண்டும் தீட்ட வேண்டும், அதன் பிறகு மறுசோதனையும் செய்ய வேண்டும். மே மாதக் கடைசியில் சோதனை வைத்துக்கொள்பவர் இவற்றில் எதையும் மழைக்கு முன் முடிக்க மாட்டார். குறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சமாகும்.

எத்தனை முறை சோதிப்பது என்பதற்கு உங்கள் நிலையத்தின் ஏரோட்ரோம் மேனுவல் என்ற நடைமுறைக் கையேட்டில் எழுதியிருப்பதே கட்டுப்படுத்தும். ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ பரிந்துரைக்கும் கால இடைவெளி உதவும்: ஓடுபாதையின் ஒரு முனையில் நாளொன்றுக்கு 15 க்கும் குறைவான ஜெட் விமானங்கள் இறங்கினால் ஆண்டுக்கு ஒரு முறை, 16 முதல் 30 வரை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 31 முதல் 90 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 91 முதல் 150 வரை என்றால் மாதம் ஒரு முறை. அதற்கு மேலே போனால் இடைவெளி வாரக் கணக்கில் சுருங்குகிறது. எண்ணுவது ஒரு முனையில் இறங்குபவற்றை மட்டுமே. காற்றின் திசையால் ஒரே முனை அதிகம் பயன்படும் நிலையங்களில் மொத்த எண்ணிக்கையை இரண்டால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

2. எந்தக் கருவி என்பதை முடிவு செய்து, அதை மாற்றாமல் இருங்கள்

நம் நாட்டில் நீங்கள் சந்திக்கக்கூடியவை பெரும்பாலும் மூன்று வகை. கிரிப் டெஸ்டர் என்பது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் மூன்று சக்கரச் சிறு கருவி. அதன் அளக்கும் சக்கரம் ஏறத்தாழ 15 சதவீதம் பின்தங்கிச் சுழலுமாறு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். சர்ஃபேஸ் ஃபிரிக்ஷன் டெஸ்டர் என்பது ஐந்தாவது சக்கரம் பொருத்திய கார். மியூ மீட்டர் என்பது வெளிப்புறம் சற்றே விரித்து வைத்த இரு சக்கரங்களின் பக்கவாட்டு விசையை அளப்பது.

இம்மூன்றும் ஒரே தளத்தில் வெவ்வேறு எண்களைத் தரும். ஒரு கருவியில் கிடைத்த 0.50 ஐ இன்னொரு கருவியின் 0.50 ஓடு ஒப்பிடவே கூடாது. குறைந்த விலைப்புள்ளி தந்தார் என்பதற்காகச் சென்ற ஆண்டு ஒரு கருவி, இந்த ஆண்டு வேறு கருவி என்று போனால், தளம் தேய்கிறதா என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. கொள்முதல் பிரிவினரிடம் இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் முடிவான பிறகு சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

3. ஆவணங்கள்

பெரும்பாலான தாமதம் இங்கேதான் நேர்கிறது. கீழ்க்கண்டவற்றைச் சோதனைக்கு ஒரு மாதம் முன்பே கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

கருவியின் கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) சான்றிதழ் முதலாவது. காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் கருவியின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை வாடகைக்கு வந்த கருவி வாசலில் நிற்க, அதனுடன் வந்த சான்றிதழ் அதே நிறுவனத்தின் வேறொரு கருவிக்குரியதாக இருந்தது. அன்றைய இரவு முழுவதும் போயிற்று. இப்போதெல்லாம் தகட்டைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது சோதனை டயருக்கான விவரம்: வகை, தயாரிப்புத் தேதி, தேய்மானம். மியூ மீட்டரின் டயருக்கு 70 கிலோபாஸ்கல், கிரிப் டெஸ்டருக்கு 140, சர்ஃபேஸ் ஃபிரிக்ஷன் டெஸ்டருக்கு 210 என்று அழுத்தமும் வகுக்கப்பட்டிருக்கிறது. இயக்குபவரின் பயிற்சிச் சான்றிதழையும் கேளுங்கள். கருவியோடு வருபவர் வேறு, சான்றிதழில் இருப்பவர் வேறு என்பது அரிதான நிகழ்வல்ல.

வெளியாட்கள் உள்ளே வருவதற்கு, விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகமான பிசிஏஎஸ் விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். அடையாள அட்டை, பணியமர்த்திய நிறுவனத்தின் கடிதம், காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றில் எது குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். வண்டிக்குப் பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, மேற்கூரையில் மஞ்சள் சுழல்விளக்கு ஆகியவை தேவை. ஓட்டுநரிடம் விமான இயக்கப் பகுதிக்குரிய ஓட்டுநர் அனுமதி இல்லையென்றால், அனுமதியுள்ள உங்கள் ஆள் ஒருவர் ஃபாலோ மீ ஜீப்பில் முன்னால் செல்ல வேண்டியிருக்கும்; அந்த ஏற்பாட்டையும் முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொண்டுவரும் கருவிகள், உதிரிப்பாகங்கள் அனைத்துக்கும் பட்டியல் வேண்டும். வாசலில் எண்ணி அனுப்புவார்கள், வெளியேறும்போதும் எண்ணுவார்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது ஓடுபாதையில் கிடக்கிறது என்றே கொள்ள வேண்டும். கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

4. செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள்

‘சோதனைக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகையாக வரும் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். கருவியைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் செலவு, ஓர் இரவுக்கான கட்டணம், சோதனை டயர், அறிக்கை தயாரிப்பு, ஆட்களின் தங்கும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கமா, தனியா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இவற்றில் வாக்குவாதத்துக்கு இடம் தருவது காத்திருப்புக் கட்டணம்தான். மழையாலோ, தாமதமாக வந்த விமானத்தாலோ அன்றைய இரவு கைவிடப்பட்டால் யார் பணம் தருவது? ஒப்பந்தத்தில் இதற்கு வரி இல்லாவிட்டால் இருவரும் மறுப்பார்கள். ஒரு மாற்று இரவைக் கூடுதல் கட்டணமின்றித் தருவது, அதற்கு மேல் போனால் நாள் வாடகை என்று எழுதிக்கொள்வது நியாயமாக இருக்கும்.

ரப்பர் அகற்றும் பணிக்கான தொகையையும் இப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். அது பொதுவாகச் சதுர மீட்டர் கணக்கில் வரும். ஓடுபாதையின் முழு அகலத்தையும் கணக்கிட்டால் தொகை தேவையின்றிப் பெருகும். டயர்கள் தொடும் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம், 600 மீட்டர் நீளம் என்று கொண்டால் 7,200 சதுர மீட்டர் வருகிறது. இதே 600 மீட்டருக்கு 45 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையை முழுதாகக் கணக்கிட்டால் 27,000. வண்ணக் குறியீடுகளை மீண்டும் தீட்டும் செலவு இதில் சேராது, அதற்குத் தனித் தலைப்பு வேண்டும். பலரும் விட்டுவிடும் செலவு இது.

5. நோட்டாம்: நேரக் கணக்கில் கவனம்

ஓடுபாதையை மூடும் அறிவிப்பை எத்தனை நாள் முன்னதாகக் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொரு நிலையத்தின் நடைமுறையிலும் எழுதப்பட்டிருக்கும். ஒரே ஓடுபாதை உள்ள நிலையங்களில் விமான நிறுவனங்கள் அட்டவணையையே மாற்ற வேண்டியிருப்பதால் இன்னும் முன்கூட்டியே போங்கள். மும்பையில் ஆண்டுதோறும் மே மாதத்தில் இரண்டு ஓடுபாதைகளையும் ஒரே நாளில் சில மணி நேரம் மூடி மழைக்கு முந்தைய பராமரிப்பைச் செய்கிறார்கள். அதற்கான நோட்டாம் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடுகிறது.

நோட்டாமில் எழுதப்படுவது இந்திய நேரமல்ல, உலகப் பொது நேரம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். இரவு வேலையில் இது தேதியையும் மாற்றிவிடுகிறது. மார்ச் 12 அதிகாலை 1.30 முதல் 4.00 வரை உங்களுக்கு ஓடுபாதை வேண்டுமென்றால், நோட்டாமில் இருக்க வேண்டியது மார்ச் 11, 20.00 முதல் 22.30 வரை. விண்ணப்பத்தில் 12 ஆம் தேதி, 20.00 என்று எழுதினால் ஒரு நாள் தள்ளிப்போகும்; வாடகைக் கருவி வாசலில் நிற்கும், ஓடுபாதையில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். விண்ணப்பத்தில் இரண்டு நேரங்களையும் எழுதி, வெளியான நோட்டாமின் நகலை வாங்கி மறுபடியும் சரிபாருங்கள்.

எவ்வளவு நேரம் கேட்பது? 3,000 மீட்டர் ஓடுபாதையை மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால் திரும்புவது, தண்ணீர் நிரப்புவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவது எல்லாம் சேர்ந்து ஓர் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு ஓட்டங்கள், தொடக்கச் சரிபார்ப்பு, இறுதியில் ஓடுபாதையைச் சுத்தமாகப் பார்த்துவிட்டு ஒப்படைப்பது என்று இரண்டரை மணி நேரம் கேளுங்கள். ஒன்றையொன்று வெட்டும் ஓடுபாதைகள் உள்ள நிலையங்களில், சந்திப்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஓடுபாதையும் நிற்க வேண்டும் என்பதையும் கோபுரத்துடன் முன்பே பேசி வையுங்கள்.

6. முன்தினம் கையால் செய்ய வேண்டியவை

கருவி வருவதற்கு முன்பே தளத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். இதற்குச் செலவும் அநேகமாக இல்லை. போக்குவரத்து குறைந்த வேளையில் அனுமதி பெற்று, தளம் காய்ந்திருக்கும்போது மணல் பரப்புச் சோதனையைச் செய்யுங்கள். 25 மில்லிலிட்டர் நுண்மணலை அளந்து தளத்தில் கொட்டி, ரப்பர் அடியுள்ள வட்டக் கட்டையால் சுழற்றிச் சுழற்றிப் பரப்ப வேண்டும். தளத்தின் நுண்பள்ளங்களை நிரப்பிக்கொண்டே மணல் வட்டமாக விரியும். இனி விரியாது என்ற நிலையில் விட்டத்தை நான்கு திசையில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். வட்டம் ஏறத்தாழ 178 மி.மீ. விட்டத்தில் நின்றுவிட்டால் தளத்தின் சராசரிச் சொரசொரப்பு ஆழம் 1 மி.மீ.; புதிய தளத்துக்கு ஐகாவோ எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். அதே மணல் 250 மி.மீ. வரை விரிந்து போனால் ஆழம் பாதியாகக் குறைந்து 0.5 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். விமானங்கள் தரையைத் தொடும், ரப்பர் படிந்த டச்டவுன் பகுதியில் ஓரிடம், நடுப்பகுதியில் ஓரிடம், டயர் படாத ஓரத்தில் ஓரிடம் என்று செய்து பாருங்கள். ஓரத்தில் வட்டம் சிறுத்தும் டச்டவுன் பகுதியில் அகன்றும் வரும்போது, நாளை வரப்போகும் வரைபடம் எங்கே தாழும் என்பது இன்றே தெரிந்துவிடும். கிளம்பும்போது மணலைத் துளியும் விடாமல் பெருக்கி எடுங்கள். விமான இன்ஜினுக்கு அது நல்லதல்ல.

தளத்தில் குறுக்குப் பள்ளக்கோடுகள் வெட்டியிருந்தால் ஆழமானியால் அளந்து பாருங்கள். வழக்கமான அளவு 6 மி.மீ. ஆழம், 6 மி.மீ. அகலம், 38 மி.மீ. இடைவெளி. 457 மீட்டர் நீளத்தில் 40 சதவீதக் கோடுகள் 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகத் தேய்ந்தோ அடைபட்டோ போனால் சரிசெய்ய வேண்டும் என்பது எஃப்ஏஏ கணக்கு. பள்ளக்கோடுகள் ஆடம்பரம் அல்ல. 2019 மே 3 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் கடற்படைத் தளத்தில் கனமழையில் இறங்கிய போயிங் 737-800 ஒன்று ஓடுபாதையைத் தாண்டி செயின்ட் ஜான்ஸ் ஆற்றுக்குள் போய் நின்றது. பள்ளக்கோடு வெட்டப்படாத தளத்தில் கனமழைநீர் நின்றதால் பிரேக் பிடிப்பு கடுமையாகக் குறைந்ததே விபத்துக்குக் காரணமாக அறிக்கையில் பதிவானது. அதில் இருந்த 143 பேரும் உயிர் தப்பினர்.

கோடை மழை ஏதாவது பெய்தால் அதையும் விடாதீர்கள். மழை நின்றதும் ஓடுபாதையை ஒரு சுற்றுப் பார்த்து, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று படமெடுத்துக் குறியுங்கள். பெரிய ஓடுபாதைக்குக் குறுக்குச் சரிவு 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்க வேண்டும். அது எங்கே கெட்டிருக்கிறது என்பதை உராய்வுக் கருவி சொல்லாது, குட்டை சொல்லும்.

7. சோதனை இரவு

முதலில் தண்ணீர். கருவியே தன் சக்கரத்துக்கு முன்னால் 1 மி.மீ. தடிமனுக்குத் தண்ணீரை விரித்துக்கொண்டு போக வேண்டும். விரிக்கும் அகலம் கருவிக்குக் கருவி மாறும், 10 செ.மீ. என்று கொண்டால் 3,000 மீட்டர் ஓட்டம் ஒன்றுக்கு 300 லிட்டர், எட்டு ஓட்டங்களுக்கு 2,400 லிட்டர். வண்டித் தொட்டி எத்தனை ஓட்டத்துக்குத் தாங்கும் என்று கேட்டறிந்து, மீதிக்கு டேங்கரை ஓடுபாதைக்கு வெளியே நிறுத்தி வையுங்கள். வேகம் கூடினால் பம்பும் வேகமாக வேலை செய்ய வேண்டும்: 65 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 1.8 லிட்டர் என்றால் 95 இல் 2.6 லிட்டர். பழைய டேங்கரின் துருவும் மண்ணும் வந்து நீர்முனையை அடைத்தால் படலம் மெலிந்து, எண் பொய்யாக உயர்ந்து காட்டும். டேங்கர் தண்ணீரை வடிகட்டி நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் நீர்முனையில் தண்ணீர் சீராக வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது சோதிக்காதீர்கள், 1 மி.மீ. என்ற கணக்கே குலைந்துவிடும்.

அடுத்து, ஓட வேண்டிய கோடு. ஒற்றை இடைவழி விமானங்களின் சக்கரங்கள் பதியும் இடத்தைப் பிடிக்க மையக்கோட்டிலிருந்து 3 மீட்டர், அகன்ற உடல் விமானங்களும் வந்தால் 6 மீட்டரிலும் ஓட்ட வேண்டும், இரு பக்கமும். இந்த 3 மீட்டர் அளக்கும் சக்கரத்துக்கு உரியது, வண்டியின் நடுவுக்கு அல்ல. இழுவைக் கருவி ஒரு பக்கமாக விலகி இருந்தால் வண்டி ஓட்டுநர் அதற்கேற்ப ஒதுங்க வேண்டும். வண்ணக் குறியீட்டின் மேல் சக்கரம் ஏறினால் எண் சட்டென்று தாழும். எந்த இடத்தில் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகம் சீராகும் வரை பதிவைத் தொடங்கக் கூடாது என்பதால் 65 கி.மீ. ஓட்டத்தில் முனையிலிருந்து 150 மீட்டர், 95 கி.மீ. ஓட்டத்தில் 300 மீட்டர் தள்ளியே பதிவு தொடங்கி, மறுமுனையிலும் அவ்வளவு முன்னதாக முடியும்.

இரண்டு வேகத்திலும் ஓட்டியே ஆக வேண்டும். நேரம் போதவில்லை, 65 ஓடு முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

வானொலியில் உங்கள் ஆள் ஒருவர் கோபுரத்தின் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் ஓடுபாதையை ஒரு முறை முழுதாகப் பார்த்து, கருவிப் பட்டியலைச் சரிபார்த்து, எல்லோரும் வெளியேறிய பிறகே காலியாகிவிட்டது என்று சொல்லுங்கள். சோதனை டயரின் அழுத்தத்தைத் தொடக்கத்தில் மட்டுமின்றி முடிவிலும் அளந்து, இரண்டையும் தாளில் எழுதி இயக்குபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

8. வரைபடத்தைப் படிப்பது

ஐகாவோ வழிகாட்டுதல் ஒவ்வொரு கருவிக்கும் மூன்று அளவுகளைத் தருகிறது: புதிய தளம் எட்ட வேண்டியது, பராமரிப்பைத் திட்டமிட வேண்டியது, குறைந்தபட்சம். கிரிப் டெஸ்டருக்கு 65 கி.மீ. வேகத்தில் முறையே 0.74, 0.53, 0.43, 95 இல் 0.64, 0.36, 0.24. சர்ஃபேஸ் ஃபிரிக்ஷன் டெஸ்டருக்கு 65 இல் 0.82, 0.60, 0.50, 95 இல் 0.74, 0.47, 0.34. மியூ மீட்டருக்கு 65 இல் 0.72, 0.52, 0.42; 95 இல் 0.66, 0.38, 0.26.

உங்கள் கையில் கிரிப் டெஸ்டர் அறிக்கை இருப்பதாகக் கொள்வோம். டச்டவுன் பகுதியில் 65 இல் 0.58, 95 இல் 0.33. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் 0.53 க்கு மேலே இருக்கிறது, கவலையில்லை. இரண்டாவது எண்ணோ 0.36 க்குக் கீழே போய்விட்டது. குறைந்த வேகத்தில் தாங்கும் தளம் வேகம் கூடியதும் கைவிடுகிறது என்றால், டயருக்கு அடியிலிருந்து தண்ணீர் வடிய வழியில்லை, சொரசொரப்பின் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். விமானம் வந்து தொடுவது 65 கி.மீ. வேகத்தில் அல்ல. 95 ஐத் தவிர்த்தவருக்கு இந்த ஓடுபாதை நல்ல ஓடுபாதையாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு பொறி, முழு நீளச் சராசரி. அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான். மேலதிகாரிகள் கேட்பதும் அதைத்தான். முழு நீளத்துக்கு 0.62 என்று அழகாக வந்திருக்கும்; உள்ளே ஒரு 100 மீட்டர் துண்டு 0.40 இல் கிடக்கும். 100 மீட்டர் நீளமுள்ள துண்டே நடவடிக்கைக்குப் போதுமானது என்பது ஐகாவோ நிலைப்பாடு. ஆகவே நூறு மீட்டர் வாரியாகப் பிரித்த அட்டவணையை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். சென்ற முறை எடுத்த வரைபடத்தையும் அதே அளவில் அச்சிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ரப்பர் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

புதிதாகத் தார்த்தளம் போட்ட ஓடுபாதை என்றால் எண் நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்களின் மேல் தார்ப்படலம் தேயாமல் இருக்கும் ஆரம்ப நாட்களில் நனைந்தால் வழுக்கும்.

9. எண் தாழ்ந்து வந்தால்

திட்டமிடும் அளவுக்குக் கீழே, குறைந்தபட்சத்துக்கு மேலே என்றால் ரப்பர் அகற்றும் பணியை நாள் குறித்துத் தொடங்குங்கள். குறைந்தபட்சத்துக்கும் கீழே போனால் காத்திருக்க உரிமையில்லை: அந்த ஓடுபாதை அல்லது அதன் பகுதி நனைந்தால் வழுக்கும் என்பதை, ‘ஸ்லிப்பரி வெட்’ என்ற வாசகத்துடன் நோட்டாமில் அறிவிக்க வேண்டும். 2021 நவம்பர் 4 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள ஓடுபாதை நிலை அறிக்கை முறையில், சாதாரணமாக நனைந்த தளத்துக்குக் குறியீடு 5, ஸ்லிப்பரி வெட் என்றால் 3, 3 மி.மீ. க்கு மேல் தண்ணீர் தேங்கினால் 2. விமானி தரையிறங்கும் தூரத்தைக் கணக்கிடுவது இந்தக் குறியீட்டை வைத்துத்தான். உங்கள் வரைபடத்தில் உள்ள 0.40 ஐ யாரும் விமானிக்கு வாசித்துக் காட்டக் கூடாது. அது பராமரிப்புக்கான எண். விமானத்தின் பிரேக் பிடிப்போடு நேராகப் பொருந்தாது.

நோட்டாம் போடத் தயக்கம் காட்டுவார்கள், பெயர் கெடும் என்பார்கள். சோதனை அறிக்கையை எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பரை நீக்க உயர் அழுத்த நீர், ரசாயனம், இரும்புக் குண்டுகளை வீசித் தேய்ப்பது என்று முறைகள் உண்டு. உயர் அழுத்த நீர்தான் பரவலாகக் கிடைக்கும், இரவுக்குள் ஓடுபாதையைத் திருப்பித் தரவும் முடியும். ஆனால் அழுத்தத்தைக் கூட்டி ஒரே ஓட்டத்தில் முடிக்க நினைக்கும் ஒப்பந்ததாரர், ரப்பரோடு தளத்தின் நுண்துகள்களையும் கான்கிரீட் இணைப்புகளின் அடைப்பானையும் பெயர்த்துவிடுவார்; பள்ளக்கோடுகளின் விளிம்பும் உடையும். முதல் இரவில் சிறு பகுதியில் மாதிரி எடுத்து, காய்ந்த பின் மணல் பரப்புச் சோதனை செய்து, அழுத்தத்தையும் வேகத்தையும் அங்கேயே நிர்ணயித்த பிறகு மீதிக்குப் போங்கள். கறுப்பு போய் வெளுத்துத் தெரிவதை வைத்துப் பணத்தை விடுவிக்காதீர்கள். தளம் வெளுத்தும் மழமழப்பாகவே இருக்கலாம். பணம் மறுசோதனை எண்ணோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்: இன்ன கருவியில், இரண்டு வேகத்திலும், ஒவ்வொரு 100 மீட்டரும் இன்ன அளவுக்கு மேல் என்று.

மறுசோதனையை அதே கருவி, அதே வகை டயர், அதே கோடுகளில் செய்யுங்கள். அழிந்த வண்ணக் குறியீடுகளைத் தீட்டிய பிறகு, எண்கள் குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டன என்ற அறிக்கையை இணைத்து, ஸ்லிப்பரி வெட் நோட்டாமை நீக்கக் கோரி எழுத்தில் விண்ணப்பியுங்கள். நோட்டாமுக்கு முடிவுத் தேதி இருந்தால் அது தானாகக் காலாவதியாகும்வரை விட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பணி நீண்டு, தேதி முந்திக்கொண்டால் வழுக்கும் ஓடுபாதைக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் போய்விடும். எனவே முடிவுத் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று நாள் முன்பே நீட்டிப்பதா நீக்குவதா என்று முடிவெடுங்கள்.